அட்டையில் இருக்கிற உடம்பு

பாஸ்தோரா அங்குலோவுக்கு யாரையும் நம்பிப் பழக்கமில்லை. கார்சால் தீவுப் பெண்கள் பத்துப் பேர் ஒரே படகில் ஏறிக் கண்டல் காட்டுக்கு மட்டி பொறுக்கப் போவார்கள். தண்ணீர் எத்தனை மணிக்கு ஏறும் என்று படகோட்டி சொன்னதும் ஒன்பது பேர் தலையாட்டுவார்கள்; இவள் மட்டும் சேற்றில் ஒரு குச்சியை நட்டு வைத்துத் தானே பார்த்துக்கொள்வாள். கடையில் வாங்கிய சோப்பை முகர்ந்து பார்த்துத்தான் பைக்குள் போடுவாள். மாதம் ஒருமுறை வரும் பாதிரியாரிடம் பாவமன்னிப்புக்குப் போனால்கூட, இந்த மனுஷர் இதையெல்லாம் எங்கே போய்க் கொட்டுவாரோ என்று சில்லறைப் பாவங்களாகப் பொறுக்கி எடுத்துச் சொல்லிவிட்டு, பெரியதையெல்லாம் வீட்டிலேயே வைத்துவிட்டு வருவாள்.

அப்பேர்ப்பட்டவள் ஒரு புதன்கிழமை காலையில், நகரத்து அரசு ஆஸ்பத்திரியின் பெண்கள் வார்டில், இன்னொருத்தியின் பெயரை மணிக்கட்டில் கட்டிக்கொண்டு படுத்திருந்தாள். பிளாஸ்டிக் பட்டையில் நியெவெஸ் கைசேதோ என்று எழுதியிருந்தது. நியெவெஸ் அடுத்த வீட்டுக்காரி, இவளைவிட ஆறு வயது சின்னவள். அந்த நேரத்தில் அவள் வெளியே நடையில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, தன் பெயர் உள்ளே என்ன பாடுபடுகிறதோ என்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

எல்லாம் ஒரு மீனால் வந்த வினை. கண்டல் வேர்களுக்கு அடியில், சேற்றுப் பொந்துக்குள் தவளை மீன் என்று ஒன்று குந்தியிருக்கும். பெரிய வாய், அசிங்கமான முகம், முதுகில் விஷ முள். மட்டி பொறுக்குகிறவள் முழங்கை வரை கையை விட்டுத் துழாவும்போது, அது மட்டியா மீனா என்று விரல்தான் சொல்ல வேண்டும். முப்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்த விரல் போன வெள்ளிக்கிழமை சொல்லத் தவறிவிட்டது. வலது கை மோதிர விரலில் முள் ஏறியது. கூட வந்தவர்கள் முள்ளைப் பிடுங்கி, கொசுவுக்காகப் புகைய விட்டிருந்த தேங்காய் மட்டையில் எண்ணெயைச் சுட வைத்து ஊற்றினார்கள். புகையிலையை மென்று வைத்துக் கட்டினார்கள். எல்லோருக்கும் செய்கிறதுதான், எல்லோருக்கும் இரண்டு நாளில் ஆறுகிறதுதான். இவளுக்கு ஆறவில்லை. திங்கட்கிழமை கை அவித்த வாழைக்காய் மாதிரி உப்பியது. செவ்வாய்க்கிழமை மணிக்கட்டிலிருந்து ஒரு சிவப்புக் கோடு மேலே ஏறத் தொடங்கியது. காய்ச்சலில் பல் கிட்டித்தது.

ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று எல்லோருக்கும் தெரிந்தது. ஆனால் பாஸ்தோராவிடம் அடையாள அட்டை கிடையாது. அவள் பிறந்தது மீரா ஆற்றங்கரையில், கொலம்பியாப் பக்கம். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் துப்பாக்கியோடு வந்த ஆட்கள், சாயங்காலத்துக்குள் ஊரைக் காலி பண்ணுங்கள் என்று சொன்னார்கள். கணவன் எலாதியோவும் அவளும் ஒரு தோணியில் ஏறி உப்பங்கழிகளுக்குள் புகுந்து ஈக்வடார் பக்கம் வந்து சேர்ந்தார்கள். தண்ணீரில் எல்லைக்கோடு எதுவும் தெரியவில்லை. அந்தக் கரையிலும் இந்தக் கரையிலும் அதே கறுத்த முகம், அதே பேச்சு, அதே தேங்காய்ப்பால் மீன்குழம்பு. அட்டை மட்டும்தான் வேறு. அகதிப் பதிவு அலுவலகத்துக்கு இரண்டு முறை போனார்கள். இரண்டாவது முறை, வாசலில் நின்ற காவலாளி எலாதியோவைப் பார்த்து, நீ எந்தக் கும்பலைச் சேர்ந்தவன் என்று கேட்டான். அதோடு எலாதியோ திரும்பி நடந்தவன்தான். பாஸ்தோராவும் அவனுக்குப் பின்னால் நடந்தாள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் எலாதியோ தேங்காய் வெட்டும்போது கத்தியைக் காலில் போட்டுக்கொண்டான். காயம் சீழ் வைத்தது, தொடை வரை சிவந்தது. அட்டை இல்லாமல் போனால் ஆஸ்பத்திரி வாசலிலேயே பிடித்து எல்லைக் காவலர்களிடம் கொடுத்துவிடுவார்கள் என்று தீவில் எல்லோரும் சொன்னார்கள். சொன்னவர்களில் ஒருவரும் அப்படிப் பிடித்ததைக் கண்ணால் பார்த்ததில்லை. நியெவெஸின் அண்ணன் அட்டையை வாங்கிக்கொண்டு போகலாம் என்று முடிவாயிற்று. அண்ணன் அட்டையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கடலுக்குப் போயிருந்தான். அட்டை வரட்டும் என்று காத்திருந்தார்கள். ஐந்தாவது நாள் காலை எலாதியோ போய்விட்டான். அட்டை மறுநாள் மத்தியானம் வந்தது.

அதனால்தான் இந்த முறை பாஸ்தோராவின் கையில் சிவப்புக் கோட்டைப் பார்த்ததும் நியெவெஸ் பேச்சுக்கே இடம் கொடுக்கவில்லை. தன் அட்டையை எடுத்து அவள் ரவிக்கைக்குள் செருகிவிட்டுப் படகில் ஏற்றினாள். போகிற வழியெல்லாம் பாடம் நடந்தது.

"என் பிறந்தநாளு பனிமய மாதா திருநாளு. ஆகஸ்ட் அஞ்சு. நியெவெஸ்னா பனிதானே, அதனாலதான் எனக்கு இந்தப் பேரு. மறக்கவே மாட்ட. நான் ரெண்டு புள்ளையும் அங்கதான் பெத்தேங்கா. என் ஜாதகமே அவங்க கம்ப்யூட்டர்ல கெடக்கு. என்ன கேட்டாலும், நானா இருந்தா என்ன சொல்லுவேனோ அதச் சொல்லு. நீயா எதையும் அவுத்து விட்டுடாத."

"நீ சொல்றதுல பாதி பொய்யா இருக்குமேடி. எத நான் சொல்றது?"

"அந்தப் பொய்யவே சொல்லு."

இன்னொரு முன்னேற்பாட்டையும் பாஸ்தோரா செய்திருந்தாள். கிளம்புவதற்கு முன் தீவில் திருஷ்டி கழிக்கிற பெண்ணிடம் போய், உடம்பில் கண்ணேறு எதுவும் இல்லையே என்று முட்டை தடவிப் பார்த்துக்கொண்டாள். கண்ணேறு இருக்கிற உடம்பில் ஊசி ஏறினால் ஆள் பிழைக்காது. இது அந்தக் கரையோரம் முழுக்கத் தெரிந்த விஷயம், குழந்தைக்குக்கூடத் தெரியும். முட்டையை உடைத்துக் கிண்ணத்தில் ஊற்றினாள் அந்தப் பெண். ஒன்றுமில்லை, சுத்தமாக இருக்கிறது என்றாள். பாஸ்தோரா கிண்ணத்தை வெளிச்சத்தில் பிடித்துத் தானும் ஒருமுறை பார்த்தாள்.

ஆஸ்பத்திரிப் பதிவு ஜன்னலில் இருந்தவன் அட்டையின் படத்தையும் அவள் முகத்தையும் ஒரு நொடி பார்த்துவிட்டு எழுதிக்கொண்டான். கறுத்த பெண்களுக்கெல்லாம் ஒரே முகம்தான் என்று நினைக்கிறவர்கள் அந்த நாட்டில் நிறைய. ஆயுசு முழுக்க அவமானமாக இருந்த சங்கதி அன்று ஒருநாள் உதவிக்கு வந்தது. உதவிக்கு வந்ததே என்று பாஸ்தோராவுக்கு அதுவும் எரிச்சலாக இருந்தது.

டாக்டர் சின்னப் பையன் மாதிரி இருந்தார். கையைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. சிவப்பு எதுவரை வந்திருக்கிறதோ அதைச் சுற்றிப் பேனாவால் ஒரு கோடு போட்டார், மணியையும் எழுதினார். பாஸ்தோரா அந்தக் கோட்டையே பார்த்தாள். வெட்டுகிற இடத்துக்குத்தானே அடையாளம் போடுவார்கள்? கோடு முழங்கைக்கு மூன்று விரல் கீழே இருந்தது. அங்கே வெட்டினால் மட்டி பொறுக்க ஒரு கைதான் மிஞ்சும் என்று அவள் மனசு அதற்குள் கணக்குப் போட்டுவிட்டது. என்ன கோடு என்று அவள் கேட்கவில்லை. நியெவெஸ் கேட்பாளா மாட்டாளா என்று தெரியவில்லை.

டாக்டர் கம்ப்யூட்டரைப் பார்த்தார். இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு காய்ச்சல் வந்து பென்சிலின் ஏற்றியிருக்கிறார்கள், ஒரு தொந்தரவும் இல்லை, நல்லதாகப் போயிற்று, இப்போதும் அதே வகையில் ஒன்றை நரம்பு வழியாக ஏற்றுவோம் என்றார். பாஸ்தோரா தலையாட்டினாள். நியெவெஸின் காய்ச்சல், நியெவெஸின் பிரசவம், நியெவெஸின் தலையாட்டல். இடது கையில் ஊசிக் குழாயைப் பொருத்தி, உப்புத் தண்ணீர் சொட்ட விட்டார்கள்.

கொஞ்ச நேரத்தில் தோபார் சிஸ்டர் ஒரு சின்ன மருந்துப் பையோடு வந்தாள். மலைப் பக்கத்துக்காரி. குள்ளம், இரட்டைப் பின்னல், காதில் விழுந்தும் விழாத குரல். மலைக்காரர்கள் மெதுவாகப் பேசினால் உள்ளே எதையோ வைத்துக்கொண்டு பேசுகிறார்கள் என்று கடற்கரையில் சொல்வார்கள். பாஸ்தோரா அதை ஒரு படி கூடவே நம்பினாள்.

"உங்க பேர் என்னம்மா?"

இது மூன்றாவது தடவை. ஜன்னலில் கேட்டார்கள், டாக்டர் கேட்டார், இப்போது இவள். மணிக்கட்டில்தான் கொட்டை எழுத்தில் எழுதிக் கட்டியிருக்கிறதே, படித்துக்கொள்ளக் கூடாதா என்றாள் பாஸ்தோரா. படிக்கத் தெரியும், ஆனால் உங்கள் வாயால் சொல்ல வேண்டும் என்றாள் சிஸ்டர். பாஸ்தோராவுக்குப் புரிந்துபோயிற்று. போலீஸ்காரன் கேட்பது இப்படித்தான். ஒரே கேள்வியை மூன்று பேர் மூன்று தடவை கேட்டு, நாக்கு எங்கே இடறுகிறது என்று பார்ப்பான்.

"நியெவெஸ் கைசேதோ."

"பிறந்தநாள்?"

"ஆகஸ்ட் அஞ்சு."

"வயசு?"

"ஐம்பத்தி... நாப்பத்தாறு."

சிஸ்டர் காகிதத்திலிருந்து தலையைத் தூக்கினாள். ஐம்பதா நாற்பதா என்று கேட்டாள்.

"காச்சல்ல ஐம்பது மாதிரி இருக்கு சிஸ்டர்."

சிஸ்டர் சிரிக்கவில்லை. எந்த மருந்தாவது உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் போயிருக்கிறதா என்று கேட்டாள். இல்லை என்றாள் பாஸ்தோரா. இது நியெவெஸின் பொய்யில்லை, இவளே மனசாரச் சொன்ன பதில். மருந்து அவளை ஒருநாளும் ஒன்றும் செய்ததில்லை. சிஸ்டர் பையில் ஒட்டியிருந்த பெயரையும் மணிக்கட்டையும் ஒப்பிட்டுப் பார்த்தாள், கையைக் கழுவினாள், குழாயின் வாயைப் பஞ்சால் தேய்த்தாள்.

அப்போதுதான் பாஸ்தோரா எதிர்க்கட்டிலைப் பார்த்தாள். அங்கே ஒரு கிழவி தலையணையில் சாய்ந்தபடி இவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். இமை கொட்டவில்லை. யோசித்துப் பார்த்தால், காலையிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். முட்டை தடவியதெல்லாம் நேற்று. இந்தக் கண் இன்றைக்கு விழுந்த கண். பாஸ்தோரா கையைப் பட்டென்று இழுத்துக்கொண்டாள்.

"இப்ப வேண்டாம் சிஸ்டர். அந்தப் பொம்பள காலைலேருந்து என்னையே பாக்குறா. கண்ணு பட்ட உடம்புல ஏத்துனீங்கன்னா நான் வீங்கிச் செத்துடுவேன்."

சிஸ்டர் திரும்பிப் பார்த்தாள். அந்த அம்மாவுக்குச் சர்க்கரை நோயில் இரண்டு கண்ணும் மங்கிவிட்டது, உங்கள் கட்டிலில் ஆள் இருக்கிறதா இல்லையா என்றுகூட அவளுக்குத் தெரியாது என்றாள்.

"மங்கின கண்ணுக்குத்தான் வேகம் ஜாஸ்தி," என்றாள் பாஸ்தோரா.

வேறு நர்ஸாக இருந்தால் அதட்டிக் கையைப் பிடித்திருப்பாள். தோபார் சிஸ்டரின் அம்மாவும் மலையில் குழந்தைகளுக்கு முட்டை தடவுகிறவள்தான். அதோடு, வீங்கிச் செத்துவிடுவேன் என்ற வார்த்தை அவள் காதில் சிக்கிக்கொண்டது. பையை இறக்கிப் பிடித்துக்கொண்டு, இதற்கு முன்னால் எப்போதாவது அப்படி வீங்கியிருக்கிறதா என்று கேட்டாள்.

கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்ல வேண்டும் என்பது நியெவெஸின் பாடம். ஆனால் உயிர் பயம் வந்தால் பாடம் எங்கே நினைவிருக்கும்? பாஸ்தோரா கொட்டிவிட்டாள். பத்தொன்பது வயதில் தொண்டை கட்டிச் சீழ் வைத்ததாம். சுகாதார நிலையத்தில் ஒரு ஊசி போட்டார்களாம். அன்று காலைதான் கடையில் ஒருத்தி இவள் தலைமுடியைப் பார்த்து, என்ன அடர்த்தி, என்ன அடர்த்தி என்று வாய் ஓயாமல் சொன்னாளாம். அந்தக் கண்ணோடு போய் ஊசி போட்டுக்கொண்டதால், தோணிக்கு இறங்குவதற்குள் உள்ளங்கை அரித்து, உதடு தடித்து, மூச்சு விசிலடிக்க ஆரம்பித்து, கரையிலேயே விழுந்துவிட்டாளாம். சுகாதார நிலையத்து ஆள் ஓடிவந்து தொடையில் இரண்டாவதாக ஒரு ஊசியைக் குத்தினானாம். பாதி செத்தவளை அந்த இரண்டாவது ஊசிதான் முழுசாகக் கொல்லப் பார்த்தது என்பது வீட்டில் எல்லோருடைய தீர்ப்பு. அதிலிருந்து முப்பத்திமூன்று வருஷம் அவள் ஊசிப் பக்கமே போனதில்லை.

"முதல்ல போட்ட ஊசி எப்படி இருந்துச்சு?"

"வெள்ளையா, கஞ்சி மாதிரி."

"எந்த ஊர்ல?"

"மீரா ஆத்துக் கரைல, எங்க..."

பாஸ்தோரா நாக்கைக் கடித்துக்கொண்டாள். நியெவெஸ் கைசேதோ தன் வாழ்நாளில் அந்த ஆற்றைப் பார்த்ததில்லை. கார்சாலில் பிறந்து, கார்சாலில் வாழ்க்கைப்பட்டவள். அட்டையிலேயே அது எழுதியிருக்கிறது.

சிஸ்டர் பையைத் தட்டில் வைத்தாள். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, எதிர்க்கட்டில் கிழவிக்குக் கேட்காத குரலில் பேசினாள்.

"இது அந்த வெள்ள ஊசியோட குடும்பத்து மருந்துதாம்மா. நியெவெஸ் கைசேதோவுக்கு இதே ஆஸ்பத்திரில பென்சிலின் நாலு நாள் ஏத்தியிருக்கு. ஒண்ணும் ஆகல. அட்டைல இருக்கற உடம்புக்கு இது ஒத்துக்கும். கட்டில்ல இருக்கற உடம்புக்கு எது ஒத்துக்கும்னு எனக்குத் தெரியணும். ரெண்டும் ஒரே உடம்பான்னு நீங்கதான் சொல்லணும்."

பதிலுக்குக் காத்திராமல் எழுந்தாள். டாக்டரைக் கூப்பிட்டுக்கொண்டு பத்து நிமிஷத்தில் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் பையைக் கையோடு எடுத்துக்கொண்டு போனாள்.

டாக்டரையா கூப்பிடப் போகிறாள்? போலீஸைத்தான் என்று பாஸ்தோராவுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. குழாயைப் பிடுங்கி எறிந்துவிட்டு நடையில் இறங்கினால், நியெவெஸின் கையைப் பிடித்துக்கொண்டு கால் மணி நேரத்தில் படகுத்துறைக்குப் போய்விடலாம். மத்தியானப் படகு இருக்கிறது. எழுந்து உட்கார்ந்தாள். வார்டு சுற்றியது. வலது கை மடியில் கல்லாகக் கிடந்தது.

குனிந்து அந்தக் கையைப் பார்த்தாள். டாக்டர் போட்ட பேனாக் கோடு இருந்த இடத்தில் இருந்தது. சிவப்பு அதைத் தாண்டி ஒரு விரற்கடை மேலே போயிருந்தது. வெட்டுவதற்குப் போட்ட கோடு இல்லை, சிவப்பு ஏறுவதைப் பார்ப்பதற்குப் போட்ட கோடு என்று அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. அவள் சேற்றில் குச்சி நட்டுப் பார்க்கிறாளே, அதே வேலை. தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது.

எலாதியோவுக்கு நான்காவது நாள் எப்படி இருந்தது, ஐந்தாவது நாள் எப்படி இருந்தது என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள் அவள். அவனுக்கும் இதே நிறம், இதே வாசனை. நான்காவது நாள் அவன் பிதற்றத் தொடங்கினான். இன்றைக்குத் தனக்கு எத்தனையாவது நாள் என்று பாஸ்தோரா எண்ணவில்லை. எண்ணாமலே தெரிந்தது. பயம் என்றால் இப்படி ஒரு பயம் அவளுக்குத் துப்பாக்கிக்காரர்களைப் பார்த்தபோதுகூட வந்ததில்லை. ஓடினால் சாவு. நியெவெஸாகப் படுத்திருந்தால் அந்தப் பை. வாயைத் திறந்தால் போலீஸ். மூன்றில் எது கொஞ்சம் மெதுவாக வரும் என்றுதான் பார்க்க வேண்டியிருந்தது.

சிஸ்டர் திரும்பி வந்தாள். டாக்டர் கூட வந்தார். போலீஸ் இல்லை. பாஸ்தோரா வாசலைத் தாண்டியும் எட்டிப் பார்த்தாள், இல்லை. அப்புறம் வரலாம்.

"என் பேரு பாஸ்தோரா அங்குலோ," என்றாள். நம்பிக்கை வந்து சொல்லவில்லை, வேறு வழியில்லாமல் சொன்னாள். "வயசு ஐம்பத்திரெண்டு. அட்டை அவளோடது, உடம்பு என்னோடது. அந்த நியெவெஸ் பாவம், வெளிய உக்காந்திருக்கா. அவள ஒண்ணும் பண்ணிடாதீங்க."

டாக்டருக்குக் கோபம் வந்தது. இன்னும் ஐந்து நிமிஷம் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் தெரியுமா என்று ஆரம்பித்தார். கோபத்தை அதோடு நிறுத்திக்கொண்டு, பழைய மருந்தை அடித்துவிட்டு வேறு குடும்பத்து மருந்து எழுதினார். சிஸ்டர் கத்தரிக்கோலை எடுத்து மணிக்கட்டிலிருந்த பட்டையை வெட்டினாள். புதுப் பட்டையில் புதுப் பெயரை எழுதி, பக்கத்திலேயே சிவப்பாக இன்னொன்றையும் கட்டினாள். பென்சிலின் கூடாது என்று அதில் எழுதியிருந்தது. நியெவெஸின் பெயரில் காலையில் ஏறிய குறிப்புகளை எல்லாம் எடுத்துவிடச் சொல்கிறேன் என்றாள். கம்ப்யூட்டரில் இந்தக் கையை அந்தம்மாவின் கையாக விட்டுவைத்தால், நாளைக்கு அவள் வந்து படுக்கும்போது அவளுக்கும் இதே ஆபத்துதான் என்றாள். பாஸ்தோராவுக்கு அது தோன்றவே இல்லை. ஒரு பெயரை இரவல் கொடுத்தால் அந்தப் பெயருக்கும் அடிபடும் என்று நியெவெஸுக்கும் தோன்றியிருக்காது.

"போலீஸ் மாதிரியே கேக்குறீங்களேன்னு நெனச்சேன்," என்றாள் பாஸ்தோரா.

"போலீஸுக்குப் பேர் வேணும். எனக்கு ஆள் வேணும்."

புது மருந்து வந்தது. சிஸ்டர் பெயரைக் கேட்டாள். பத்து நிமிஷத்துக்கு முன்னால்தான் சொன்னேன் என்று பாஸ்தோரா முனகினாள். முனகிவிட்டுச் சொன்னாள். சொல்லிவிட்டு, பையில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துக் காட்டச் சொன்னாள். அவளுக்கு எழுத்து அவ்வளவாக வராது. சிஸ்டர் விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள். அங்குலோ என்ற இடத்தில் பாஸ்தோரா இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். சிஸ்டர் படித்தாள்.

கட்டில் ஓரத்துத் தட்டில் ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியும் ஊசியும் வைத்திருந்ததைப் பார்த்ததும் பாஸ்தோராவின் கண் அங்கேயே நின்றது. அது எதற்கு என்று கேட்டாள்.

"மூச்சு முட்டினா போடறதுக்கு. முட்டாது. ஒருவேள முட்டினா, தொடையில."

"தொடையிலயா?"

"ஆமா. அன்னிக்கு உங்களுக்குப் போட்டாங்களே ரெண்டாவது ஊசி, அது இதாத்தான் இருக்கணும். அதாம்மா உங்களப் பொழைக்க வெச்சது."

முப்பத்திமூன்று வருஷத்துத் தீர்ப்பை ஒரு மலைக்காரி சொன்னாள் என்பதற்காக மாற்றிவிட முடியுமா? அதைப் பிறகு யோசிக்கிறேன் என்றாள் பாஸ்தோரா. அதுவரை எதிர்க்கட்டிலுக்கும் தனக்கும் நடுவில் திரையை இழுத்து விடச் சொன்னாள். சிஸ்டர் இழுத்து விட்டாள்.

மருந்து சொட்டத் தொடங்கியது. சிஸ்டர் திருகைக் குறைத்து, மெதுவாக விட்டாள். போகவில்லை, நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். ஏன் உட்கார்ந்திருக்கிறாள் என்று பாஸ்தோராவுக்கு மறுபடி சந்தேகம். காவலா? முதல் கால் மணி நேரம் பக்கத்தில் இருந்து பார்ப்பேன் என்றாள் சிஸ்டர். அரிப்பு வந்தால் சொல்லுங்கள், தொண்டை இறுகினால் சொல்லுங்கள், சொல்லாவிட்டாலும் எனக்குத் தெரியும்.

"எப்படித் தெரியும்?"

"பேசிட்டே இருங்க. குரல் மாறுதான்னு கேட்டுட்டிருக்கேன்."

பேச என்ன இருக்கிறது? பாஸ்தோரா சொட்டுகளைப் பார்த்தாள். ஒன்று விழுந்து, இன்னொன்று திரண்டு, அதுவும் விழுந்தது. உள்ளங்கை அரிக்கவில்லை. உதட்டை நாக்கால் தடவிப் பார்த்தாள், அளவு மாறவில்லை. அப்புறம் காலையிலிருந்து நெஞ்சில் குத்திக்கொண்டிருந்ததைக் கேட்டாள். அட்டை இல்லாமல் வந்திருந்தால் வாசலோடு பிடித்துக் கொடுத்திருப்பார்கள், அப்படித்தானே?

இல்லை என்றாள் சிஸ்டர். காயத்தோடும் காய்ச்சலோடும் வருகிறவர்களைப் பார்த்தே ஆக வேண்டும். அட்டை இல்லையென்றால் பெயரை எழுதிக்கொண்டு பார்ப்போம். பெயரும் சொல்லத் தெரியாத நிலையில் வந்தால் பெயர் இல்லாமலே பார்ப்போம். அந்தக் கரையிலிருந்து வந்தவர்கள் இந்த வார்டில் வாரத்துக்கு இரண்டு பேராவது படுக்கிறார்கள். யாரையும் யாரிடமும் கொடுத்ததில்லை.

பாஸ்தோரா அவள் முகத்தை ஆராய்ந்தாள். பொய் சொல்கிறவர்களின் முகத்தை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள், அதில் அவளை ஏமாற்றுவது கஷ்டம். இந்த முகத்தில் ஒன்றும் இல்லை, வேலைக் களைப்பு மட்டும்தான் இருந்தது.

"எப்பலேருந்து இப்படி?"

"நான் இங்க வந்து பதினோரு வருஷம் ஆச்சு. அப்பலேருந்தே இப்படித்தான்."

"மூணு வருஷத்துக்கு முன்னாடியும்?"

"முன்னாடியும்தாம்மா."

பாஸ்தோரா முகத்தைச் சொட்டுகளின் பக்கம் திருப்பிக்கொண்டாள். சிஸ்டர் கொஞ்சம் முன்னால் குனிந்து, பேசுங்கள் என்றாள். பாஸ்தோரா வாயைத் திறந்தாள். என் வீட்டுக்காரருக்குக் காலில் கத்தி பட்டது என்று ஆரம்பித்தாள். தேங்காய் வெட்டும்போது என்றாள். சின்னக் காயம்தான் என்றாள். நாங்கள் அட்டைக்காகக் காத்திருந்தோம் என்று சொல்ல வந்தவளுக்குக் குரல் பாதியில் உடைந்து, தொண்டையிலிருந்து காற்று மட்டும்தான் வந்தது. தோள் குலுங்கியது.

சிஸ்டர் துள்ளி எழுந்தாள். ஒரு கை குழாயின் திருகை அடைக்கப் போனது, இன்னொரு கை தட்டிலிருந்த குப்பியை எடுத்துவிட்டது. பாஸ்தோரா வீங்கிய வலது கையைத் தூக்கி, திருகின் மேல் இருந்த அந்தக் கையைத் தடுத்துப் பிடித்தாள். வலி உச்சந்தலை வரை போயிற்று. விடவில்லை.

"மருந்தால இல்ல சிஸ்டர்," என்றாள், மூச்சு வந்ததும். "அது ஓடட்டும்."